சிவப்பு மையில் ஒரு வரி

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்குங்க சார். மூணு பேர் சீட்டுல மூணு பேருதான் உக்காரணும், பைக்கு யாரும் டிக்கெட் எடுக்கல. ம், அவ்வளவுதான். கோவிச்சுக்காதீங்க. நான் இன்னைக்கு யார் மேலயும் நல்ல மனசோட இல்ல.

பைக்குள்ள இருந்து கறுப்புக் கோட்டு எட்டிப் பாக்குதே, வக்கீலா? நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு மெமோ வந்திருக்கு. பீஸ் எல்லாம் கிடையாது, முன்னாடியே சொல்லிடுறேன். எப்படியும் டவுன் போய்ச் சேருற வரைக்கும் நீங்க சும்மாதான் உக்காந்திருக்கப் போறீங்க. கதையைக் கேளுங்க. கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க, போதும்.

நான் கவர்மென்ட் ஸ்கூல் வாத்தியார். பிளஸ் டூவுக்கு அரசியல் அறிவியல். முப்பது வருஷமா ஜனநாயகம் நடத்திக்கிட்டு இருக்கேன். ஜனநாயகம்னா என்னன்னு தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க, பாயிண்ட் பாயிண்டாச் சொல்லுவேன். எங்கிட்ட படிச்சவன் தாசில்தாரா இருக்கான், போலீஸ்ல இருக்கான். இந்த வருஷம் ஹெட்மாஸ்டர் ஆகப்போறவங்க பட்டியல்ல எம் பேரு வந்துச்சு. அந்த நேரம் பாத்து மெமோ. மெமோ முடியாம கிடந்தா பட்டியல்ல இருந்து பேரைத் தூக்கிடுவாங்க. அடுத்த பட்டியல் வர்றதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிடுவேன். இன்னைக்கு சி.இ.ஓ., அதான் முதன்மைக் கல்வி அலுவலர், அவர் ஆபீஸ்ல விசாரணை. நான் குடுக்குற விளக்கம் அவங்களுக்குத் திருப்தியா இருந்தா ஹெட்மாஸ்டர். இல்லைன்னா மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, வாத்தியாராவே.

யாரால? ஒரு பொண்ணால. பன்னெண்டாவது படிச்ச பொண்ணு. மூஞ்சி கூட நான் பாத்ததில்ல.

பேப்பர் திருத்துறது எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனா மார்க் குறைஞ்சா மட்டும் எல்லாருக்கும் வாய் வந்துடும். ஏப்ரல் வெயில்ல, எவனோ கட்டுன ஸ்கூல்ல, சின்னப் பசங்க பெஞ்சுல முட்டி இடிக்க உக்காந்து திருத்தணும். காலையில ஒரு கட்டு, மத்தியானம் ஒரு கட்டு. கட்டுல பேர் கிடையாது, ஊர் கிடையாது, ஒரு டம்மி நம்பர் மட்டும் இருக்கும். வேற ஜில்லாப் பேப்பர்தான் நமக்கு வரும். யார் பெத்த பிள்ளைன்னு தெரியாம மார்க் போடுறோம் சார். இதை விட நேர்மையான வேலை நாட்டுல எது இருக்கு, சொல்லுங்க.

அப்புறம் கீ. விடைக்குறிப்புன்னு மேல இருந்து அச்சடிச்சுக் குடுப்பாங்க. அதுதான் எங்களுக்கு வேதம். அஞ்சு மார்க் கேள்வின்னா அதுல அஞ்சு பாயிண்ட் இருக்கும். பேப்பர்ல அந்தப் பாயிண்ட் இருந்தா டிக் போடு, இல்லைன்னா போடாத. படிக்கணும்னு அவசியமே இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க, பழக்கம் வந்துட்டா படிக்காமலே தெரியும். நல்ல பிள்ளைங்க ஸ்கெட்ச் பேனாவுல தலைப்பு எழுதும், அடியில கோடு போடும். கண்ணு அந்தக் கோட்டுலேயே இறங்கிப் போகும், கை டிக் போட்டுக்கிட்டே போகும். பக்கத்துல இருக்கவன்கிட்ட சம்பந்தி வீட்டுக் கதை பேசிக்கிட்டே திருத்தலாம்.

இந்த வருஷம் ஒரு பையன் எழுதியிருந்தான், கேளுங்க. 'அதிகாரப் பரவல்'னு தலைப்பு. ரெண்டு கோடு. கீழ, 'அதிகாரம் பரவுவதே அதிகாரப் பரவல் ஆகும்.' அடுத்த தலைப்பு, 'பெண் தலைமை.' கீழ, 'பெண்கள் தலைமை ஏற்பதே பெண் தலைமை ஆகும்.' இப்படியே அஞ்சு. நான் எவ்வளவு போட்டேன் தெரியுமா? அஞ்சுக்கு அஞ்சு. சிரிக்காதீங்க. கீயில என்ன தலைப்பு இருக்கோ அது பேப்பர்ல இருக்கு. அவன் ஒழுங்கா வளர்ந்த பிள்ளை. கேட்டதை எழுதியிருக்கான், கேக்காததை எழுதல.

ஒரு நிமிஷம், போன்.

ம், சொல்லு செல்லையா. ... யாரு வந்திருக்கா? ... எல்லாருமேவா? ... அதான் நான் இல்லையேய்யா! நான் விசாரணைக்குப் போறேன்னு நேத்தே சொன்னேன்ல? ... தேதி குடுத்தாச்சுன்னா என்ன, இன்னொரு தேதி குடு. நான் இல்லாம என்ன கூட்டம்? ஒத்திவச்சுட்டேன்னு சொல்லு. ... தலைவர் சொன்னாருன்னு சொல்லு. ... ஆமா. வை.

எங்க ஊராட்சிச் செயலர். நல்ல பையன், தலைவரே தலைவரேன்னு உசிரை விடுவான். என்ன? இல்ல இல்ல, நான் எப்படித் தலைவரா இருக்க முடியும், நான் கவர்மென்ட் ஆளாச்சே. வீட்டுலதான் தலைவர். தவமணின்னு பேரு. போன எலெக்ஷன்ல எங்க ஊரு பொம்பளைங்க தொகுதி ஆயிடுச்சு. ஊர்ல நாலு பேரு வந்து, வாத்தியார் வீட்டுலதான் படிச்சவங்க இருக்கீங்க, நீங்களே பாத்துக்குங்கன்னு சொன்னாங்க. அதான் அவ பேரைக் குடுத்தேன்.

அவளுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. கூட்டத்துக்குக் கூட வர வேண்டியதில்ல. நான் ஸ்கூல்ல ரெண்டு பீரியட் பர்மிஷன் போட்டுட்டுப் போயி உக்காந்துடுவேன். தீர்மானத்தை நானே எழுதிடுவேன், எனக்கு அந்த பாஷை எல்லாம் அத்துப்படி. செல்லையன் நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோயி கையெழுத்து வாங்கிட்டு வந்துடுவான். சீல் கூட எங்கிட்டதான். இந்தா, இந்தப் பையிலதான் இருக்கு, சோத்து டப்பாவுக்குப் பக்கத்துல. அவகிட்ட குடுத்தா எங்கயாவது போட்டுருவா.

இன்னைக்குக் கூட்டம் முக்கியமானது. புதுசா ஒரு தண்ணி டேங்க் வந்திருக்கு, எங்க கட்டுறதுன்னு தீர்மானம் போடணும். எங்க தெரு முனையில கட்டணும்னு நான் எழுதி வச்சுட்டேன். எங்க தெருதான் மேடு. தவமணி ஒருநாள் சோறு போடும்போது, கீழத்தெருவுல கட்டினா என்னங்க, அங்க பொம்பளைங்கதானே ரோட்டைத் தாண்டிக் குடத்தோட வர்றாங்கன்னா. மேடு பள்ளம் உனக்கு என்னடி தெரியும், குழம்பை ஊத்துன்னேன். ஊத்திட்டா. அவ்வளவுதான், எங்க வீட்டுல சண்டை சச்சரவே கிடையாது.

சரி, நான் எங்க விட்டேன்? கீ.

பேப்பர் திருத்துற கேம்ப் முடியப்போற நேரம். கடைசிக் கட்டு. அஞ்சு மார்க் கேள்வி ஒண்ணு, 'உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்கான இடஒதுக்கீட்டின் விளைவுகளை விவரி.' சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும் இதுக்குப் பதில். எழுபத்து மூணாவது திருத்தம், மூணுல ஒரு பங்கு, நம்ம மாநிலத்துல பாதிக்குப் பாதி, அதிகாரப் பரவல், பெண் தலைமை. முடிஞ்சுது. அந்தப் பையன் எழுதினானே, அதே கேள்விதான்.

இந்தப் பொண்ணு பேப்பரைத் திருப்புறேன், தலைப்பு இல்ல. கோடு இல்ல. ஒரே பத்தி. கண்ணு இறங்க இடமே இல்லாம முட்டிக்கிட்டு நிக்குது. அதனால படிக்க வேண்டியதாப் போச்சு. முதல் தப்பு அதுதான், நான் படிச்சிருக்கக் கூடாது.

என்ன எழுதியிருந்தா தெரியுமா? சொல்றேன். 'எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் என் அம்மா தலைவர் ஆனார். அலுவலகப் பலகையில் அம்மாவின் பெயர் இருக்கிறது. நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் பல நேரம் எங்கள் வீட்டில்தான் நடக்கும். அப்போது அம்மா சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும் கையெழுத்துப் போடக் கூப்பிடுவார்கள். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வருவார். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டார். உனக்கு எதற்கு அதெல்லாம் என்று அப்பா சொன்னார். ஊரில் எல்லாரும் அப்பாவைத்தான் தலைவரே என்று கூப்பிடுகிறார்கள். அம்மாவை யாராவது அப்படிக் கூப்பிட்டால் அம்மாவே திரும்பிப் பார்க்க மாட்டார்.'

அத்தோட விட்டாளா? கடைசி வரி ஒண்ணு. 'அப்பா ஒருநாள் ஊரில் இல்லாமல் இருந்தால்தான் இடஒதுக்கீட்டின் விளைவு என்ன என்று எங்களுக்குத் தெரியும்.'

என்ன, எப்படி மனப்பாடமா சொல்றேன்னு பாக்குறீங்களா? ஞாபகசக்தி சார். வாத்தியாருக்கு அது இருக்கணும். மத்த பேப்பர் எல்லாம் ஞாபகம் இருக்கான்னு கேட்டா, இல்லதான். எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கிட்டா மனுசன் என்னத்துக்கு ஆவான்.

இது பதிலா? நீங்க சொல்லுங்க. திருத்தம் எங்க? வருஷம் எங்க? சதவீதம் எங்க? அப்பன் ஆத்தா கதையை எழுதுறதுக்கு கவர்மென்ட் பேப்பர் குடுக்குது, பேனா பிடிக்க நேரம் குடுக்குது, அதைத் திருத்த என்னை மாதிரி ஒரு ஆளை வெயில்ல கொண்டுவந்து உக்கார வைக்குது. பெத்த அப்பன் சோறு போட்டு வளர்த்திருக்கான். அவனைப் பத்தி, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் படிக்கிற பேப்பர்ல எழுதி வச்சிருக்கா.

நான் என்ன பண்ணேன், சத்தமாப் படிச்சேன். டேபிள்ல இருக்கவங்க கேட்டுச் சிரிக்கட்டும்னுதான். கேம்ப்ல அது வழக்கம். எவனாவது, சார் எங்க அக்காவுக்குக் கல்யாணம் நின்னுடும், பாஸ் போடுங்கன்னு எழுதியிருந்தா படிச்சுக் காட்டி எல்லாரும் சிரிப்போம். இதுக்கும் சிரிச்சாங்க. முதல் ரெண்டு வரிக்குச் சிரிச்சாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா அவங்கவங்க கட்டைப் பாக்கத் திரும்பிட்டாங்க.

அந்த நேரத்துல எதிர்ல உக்காந்திருந்த கதிரேசன், எங்க பக்கத்து ஊர்க்காரன், என்னோட காலேஜ்ல படிச்சவன், பல்லைக் காட்டிக்கிட்டு, "என்ன மாப்ள, உங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கே"ன்னான்.

எல்லாரும் சிரிச்சாங்க. இப்பத்தான் நல்லாச் சிரிச்சாங்க. டீ கொண்டுவந்த அம்மா கூடச் சிரிச்சுது, அதுக்கு என்ன புரிஞ்சுதோ.

நான் ஒண்ணும் சூடாகல. "எங்க வீட்டுல டீயே கிடையாது, காபிதான்"னேன். உண்மையைத்தானே சொன்னேன்? அந்தப் பேப்பர்ல தேநீர்னுதான் இருக்கு. எங்க வீட்டுக் கதை எப்படி ஆகும்?

பக்கத்துல மெர்லின்னு ஒரு டீச்சர். வேலைக்கு வந்தே கொஞ்ச நாள்தான் ஆகுது, இன்னும் சாக்பீஸ் தூளே கையில ஒட்டியிருக்காது. அது சொல்லுது, "சார், முழு மார்க் போடலாம் சார். அதிகாரம் எங்க இருக்கு, பதவி எங்க இருக்குன்னு ரெண்டையும் பிரிச்சு எழுதியிருக்கா. கீயிலயும் கடைசி வரியில பொருத்தமான பிற விடைகளுக்கும் மதிப்பெண் தரலாம்னு இருக்கே சார்"ங்குது.

எனக்குக் கீ சொல்லித் தருது! அந்த வரி எல்லாக் கீயிலயும் இருக்கும் சார். சும்மா ஒரு மரியாதைக்குப் போடுறது. வீட்டுக்கு வந்தவங்களைச் சாப்பிட்டுப் போங்கன்னு சொல்றது மாதிரி. சொன்னாங்கன்னு இலையைப் போட்டு உக்காந்துடுவீங்களா?

"நீ உன் கட்டைப் பாரும்மா"ன்னேன். அது விடல. "ஒரு மார்க்காவது போடுங்க சார், பாவம்"னுச்சு. பாவம் பாத்து மார்க் போடுறதுக்கு இது என்ன தர்மசத்திரமா? சைபர் போட்டேன். பெருசா, வட்டமா. கட்டை மூடிக் குடுத்துட்டு பஸ்ஸைப் பிடிச்சேன். எங்களுக்கு மேல இருக்க சீஃப் எக்ஸாமினர் எதையும் பாக்கல. சீஃபுக்குக் கூட்டல் சரியா இருக்கான்னு மட்டும்தான் கவலை. பதிலை எல்லாம் படிச்சா அவர் எப்ப வீட்டுக்குப் போறது?

அவ்வளவுதான் நடந்தது. இதுக்குப் போயி மெமோ.

என்ன கேக்குறீங்க? அஞ்சு மார்க்குக்காக மெமோ குடுப்பாங்களான்னா? குடுத்திருக்காங்களே. மறுமதிப்பீட்டுல வேற எவனோ அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கான். எவனுக்கோ தாராள மனசு. அந்தப் பொண்ணு பேரு யோகப்ரியாவாம், காலேஜ்ல சீட்டுக் கூட வாங்கிட்டாளாம். அப்புறம் என்ன? எல்லாம் கிடைச்சாச்சுல்ல, போக வேண்டியதுதானே? அப்புறமும் மேலதிகாரிங்களுக்கு மனு குடுத்திருக்கா சார், மெமோவோட அதையும் சேத்து அனுப்பியிருக்காங்க.

இப்ப விடைத்தாளை நகல் எடுத்து மாணவங்களுக்கே குடுத்துடுறாங்க. என்ன கொடுமை பாருங்க. திருத்துனவன் கையெழுத்து, கோடு, சைபர், எல்லாத்தையும் அவங்க வீட்டுல உக்காந்து பாக்கலாம். அதுல அந்த வரியையும் பாத்திருக்கா.

எந்த வரியா? ... அது ஒண்ணுமில்ல. சின்ன வரி. நான் சைபருக்குப் பக்கத்துல ஒரு வரி எழுதிட்டேன். சிவப்பு மையில. எழுதக் கூடாதுதான். பேப்பர்ல மார்க்கைத் தவிர ஒரு புள்ளி கூட வைக்கக் கூடாதுன்னு கேம்ப் தொடங்குற அன்னைக்கே சொல்லிடுவாங்க. முப்பது வருஷத்துல நான் எழுதினதே இல்ல. அன்னைக்கு எப்படியோ கை எழுதிடுச்சு.

'வீட்டு விஷயத்தை வெளியில் எழுதாதே.'

இவ்வளவுதான். திட்டல. கெட்ட வார்த்தை எழுதல. ஒரு பெரிய மனுசன் சின்னப் பொண்ணுக்குச் சொல்ற புத்தி. அவ அப்பனா இருந்தாலும் இதைத்தானே சொல்லியிருப்பான்?

கதிரேசன் சொன்னதுக்கும் நான் எழுதினதுக்கும் சம்பந்தமே இல்ல. அதை முதல்லயே சொல்லிடுறேன். அவன் சொன்னது முன்னாடி, நான் எழுதினது அதுக்கப்புறம். நடுவுல எவ்வளவோ நேரம் இருந்துச்சு. டீ குடிச்சு முடிச்சேனே.

மனுவுல அந்தப் பொண்ணு மார்க்கைப் பத்திப் பேசவே இல்ல. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கா. 'ஒரு ஊராட்சியின் நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்பது வீட்டு விஷயம் என்றால், இந்தக் கேள்வியை ஏன் அரசியல் அறிவியல் தேர்வில் கேட்டீர்கள்?' வாய் பாருங்க. பன்னெண்டாவது படிச்ச வாய்.

அதை விடக் கொடுமை ஒண்ணு சொல்றேன். மனுவுல கீழ கையெழுத்து யாரு தெரியுமா? அவ ஆத்தா. ஊராட்சி மன்றத் தலைவர்னு சீல் குத்தி! எனக்கு அதைப் பாத்ததும் உடம்பெல்லாம் எரிஞ்சுது. ஊராட்சி சீல் எதுக்கு இருக்கு? ஊர் வேலைக்கு. அதைக் கொண்டுபோயி சொந்த மகளோட மனுவுல குத்துறதா? அது ஆபீஸ்ல பூட்டி வைக்க வேண்டிய பொருள் சார். அதிகாரத் துஷ்பிரயோகம்னு பாடமே இருக்கு, நான் நடத்துறேன்.

என் பையை ஏன் பாக்குறீங்க? என்னது வேற. நான் பாதுகாப்புக்காக வச்சிருக்கேன்.

சரி, இப்ப கேள்விக்கு வர்றேன். மெமோவுல என்ன கேட்டிருக்காங்கன்னா, 'மேற்படி வாசகத்தை எழுத வேண்டிய அவசியம் என்ன என்பதை விளக்கவும்.' அவ்வளவுதான். சைபரைப் பத்திக் கேட்டிருந்தா கீயைக் காட்டித் தப்பிச்சுக்குவேன். இதுக்குக் கீ இல்ல. ராத்திரி எல்லாம் எழுதி எழுதிக் கிழிச்சேன். வெயில் அயர்வுல எழுதிட்டேன்னு எழுதினேன். அயர்ந்து போனவன் இவ்வளவு அழகான கையெழுத்துல எழுதுவானான்னு கேப்பாங்க. மாணவியின் நலன் கருதின்னு எழுதினேன். யாரோட நலன்னு கேப்பாங்க. தவமணிகிட்ட கேட்டேன், என்னடி எழுதலாம்னு. அவகிட்ட எல்லாம் நான் இதுவரைக்கும் எதையும் கேட்டதில்ல. கேட்டா, "அந்தப் பொண்ணு என்ன எழுதியிருந்துச்சுன்னு சொல்லுங்க"ன்னா. சொன்னேன்.

முழுசாச் சொன்னேன். ஏன் சொன்னேன்னு தெரியல. அவ பாத்திரம் விளக்கிக்கிட்டே கேட்டா. குழாயை மூடிட்டுக் கேட்டா. கடைசி வரி வந்ததும், "திருப்பிச் சொல்லுங்க"ன்னா. திருப்பிச் சொன்னேன். கையைப் புடவையில துடைச்சுக்கிட்டுப் போயிப் படுத்துட்டா. விளக்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லல. அவளால அவ்வளவுதான் முடியும்.

நீங்க சொல்லுங்க. வக்கீல்தானே நீங்க. என்ன எழுதினா விடுவாங்க? ... என்னது? உண்மையை எழுதுறதா? எந்த உண்மையை? என்ன சார் நீங்க, உங்ககிட்ட கேஸ் குடுக்குறவன் உருப்பட்ட மாதிரிதான்.

இருங்க, இன்னும் செல்லையன் போனே பண்ணல. கூட்டத்தை ஒத்திவச்சானா இல்லையான்னு தெரியல. ஒரு வார்த்தை கேட்டுடுறேன்.

ஹலோ. செல்லையா. ... என்னய்யா, பின்னாடி ஒரே சத்தமா இருக்கு? ... கலைஞ்சு போகலையா இன்னும்? ... என்னது? ... சத்தமாப் பேசு, பஸ்ல இருக்கேன். ... யாரு வந்திருக்கா? ... தவமணியா? ... தனியாவா? யாரு கூட்டிட்டு வந்தா? ... நடந்தா?

நாற்காலியிலயா?

யோவ், தீர்மானம் நான் எழுதின தாள்லதானே இருக்கு? ... கிழிச்சாளா? ... எழுதச் சொன்னாளா, யாரை, உன்னையவா? நீ எதுக்கு எழுதின? ... கீழத்தெருவா! எவன்யா கையைத் தூக்குனது? ... எல்லாருமா? நம்ம தெரு மெம்பர், அந்த ஒன்பதாவது வார்டு வேலாயுதமுமா? ... சீல் எங்கிட்டல்ல இருக்கு! சீல் இல்லாம என்ன தீர்மானம்? ... யாரு சொன்னா கையெழுத்துப் போதும்னு? ... அவளே சொன்னாளா.

போனை அவகிட்ட குடு. ... குடுய்யா அவகிட்ட.

...

வச்சுட்டான் சார்.

என்ன சொன்னான் தெரியுமா? "தலைவர் கூட்டத்துல இருக்காங்க சார், முடிஞ்சதும் பேசச் சொல்றேன்"ங்குறான். சார்ங்குறான் என்னைய. எலெக்ஷன் முடிஞ்ச நாள்லேர்ந்து ஒரு தடவை அவன் என்னைச் சார்னு கூப்பிட்டதில்ல. தலைவர் கூட்டத்துல இருக்காங்களாம். எந்தத் தலைவர்டான்னு கேக்குறதுக்குள்ள வச்சுட்டான்.

கண்டக்டர்! கண்டக்டர், வண்டியை நிறுத்துங்க, நான் இறங்கணும். ... பைபாஸ்ல நிறுத்த மாட்டீங்களா? ஆபத்துக்கு இறங்கணும்யா, ஊர்ல ஒரு அவசரம். ... சாவு எல்லாம் ஒண்ணும் இல்ல. கூட்டம். ... ஊராட்சிக் கூட்டம். ... நான் தலைவர் இல்ல. ... இல்லய்யா, மெம்பரும் இல்ல. ... யாருமே இல்லைன்னா எதுக்குப் போறேன்னா கேக்குற? டிக்கெட் கிழிக்கிற வேலையைப் பாரு!

தள்ளி உக்காருங்க சார். அங்க போனா இங்க ஹெட்மாஸ்டர் போச்சு. இங்க போனா... விடுங்க. அங்க எல்லாம் முடிஞ்சிருக்கும், இந்நேரம் டீ குடிச்சுக்கிட்டு இருப்பாங்க. யாரு போட்டிருப்பா டீ? அவதான் நாற்காலியில இருக்காளே.

பாத்தீங்களா, ஒரு பொண்ணு, வேற ஜில்லா, வேற ஊரு, மூஞ்சி தெரியாது. அவ எழுதின பேப்பருக்காக மெமோ வந்து, மெமோவுக்காக நான் பஸ் ஏறி, இன்னைக்குன்னு பாத்து நான் ஊர்ல இல்லாம...

என்ன பாக்குறீங்க? அந்தக் கடைசி வரி உங்களுக்கு ஞாபகம் வருது, அதானே? வரட்டும். எனக்கும்தான் வருது. ஒரு எழுத்து விடாம வருது.

சிரிக்காதீங்க சார். அந்தப் பேப்பரை இப்பவே யாராவது எங்கிட்ட குடுக்கட்டும். பேனா இந்தா, பையிலதான் இருக்கு. இப்பவும் அதுக்குச் சைபர்தான் போடுவேன்.